தம்பி வீட்டு டேப்

எங்கள் வீட்டில் வேதம் வாசிப்பது அவள், ஜெபம் பண்ணுவது நான். கல்யாணம் ஆன நாள் முதல் அப்படித்தான். நான் எட்டாம் வகுப்போடு வாழைத் தோட்டத்துக்குப் போனவன். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்து முடித்தவள். எனக்கு எழுத்து கூடும், ஓடாது. அவளுக்கு ஓடும். வாசிக்கத் தொடங்கினால் ஓடை மடை திறந்த மாதிரி இருக்கும், ஒரு சொல் இன்னொரு சொல்லை இடிக்காது.

தக்கலைக்குக் கிழக்கே எங்கள் ஊர். சபையைச் சில பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம், முறை வைத்து. பெண்கள் உள்ளே பாயில் இருப்பார்கள், ஆண்கள் வெளியே நாற்காலியில் இருந்து வாசல் வழியாகக் கேட்போம். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், கடைசியில் சாயாவும் ஏதாவது பலகாரமும். அந்த வாசிப்பு நெடுநாளாக என் மனைவிக்கு. யாரும் எழுதிக் கொடுத்த பதவி இல்லை. ஒருவர் ஓய்ந்ததும் அடுத்தவர் என்று வந்தது, அவளிடம் வந்தபோது நின்றுவிட்டது. பெரிய நகை எதுவும் அவளுக்கு நான் போட்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வாய் மூடி அவள் வாய் திறக்கும் அந்த நேரம்தான் அவளுக்கு நகை.

சுகர் அவளுடைய கண்ணில் இறங்கியது. கண்ணின் பின்னால் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். லேசர் அடித்தார்கள். ஓரத்துப் பார்வை மிஞ்சியது, நடுவில் கரி அப்பியது போல ஆயிற்று. நடப்பாள், சமைப்பாள், சாளை மீனைச் செதிள் போகக் கழுவி எடுப்பாள். எதிரே வரும் ஆளைக் குரலை வைத்துப் பிடித்துக்கொள்வாள். எழுத்து மட்டும் போய்விட்டது. ஒரு எழுத்து தீப்பெட்டி அளவுக்கு இருந்தால் தெரியும். எந்த அச்சகத்தான் அப்படி வேதபுத்தகம் அடிப்பான்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என்னிடம் சத்தியம் மாதிரி வாங்கிக்கொண்டாள். எங்கள் வேதத்தில் சத்தியம் பண்ணக் கூடாது, அதனால் "மாதிரி" என்கிறேன்.

"எனக்க கண்ணு போன சேதி ஒருத்திக்குத் தெரிஞ்சாப் போதும். அடுத்த வெள்ளிக்கிழம என்னைய மூலையில இருத்திருவாளுவ. கேட்டீங்களா?"

"ஆரும் அப்பிடிச் செய்ய மாட்டாவ."

"ஒங்க தம்பி பெண்டாட்டி செய்வா. அவ காத்துக்கிட்டு இருக்கா."

தம்பி கல்ஃபில். அவன் மனைவி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் புது வீட்டில் இருந்தாள். பி.எட். படித்தவள், வேலை கிடைக்கவில்லை. அந்தப் படிப்பை எங்கே காட்டுவது என்று அவளுக்கு ஒரு தவிப்பு உண்டு. என் மனைவிக்கும் நாக்கு சும்மா இருக்காது. கொரோனா காலத்தில் தம்பி தன் மகனுக்கு ஆன்லைன் வகுப்புக்கென்று சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு டேப் அனுப்பினான். அப்போது பெண்கள் கூடி நின்ற இடத்தில் இவள் சொன்னாள்: "பி.எட். படிச்ச அம்மைய வீட்டுல வச்சுக்கிட்டு, பயலுக்குச் சொல்லிக் குடுக்க கல்ஃபுலேந்து பலக வரணுமாக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்த விதம் எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

அந்த டேப்தான் பின்னால் எங்கள் வீட்டுக்கு வந்தது. பையனுக்கு லேப்டாப் வந்த பிறகு, "சும்மாதான கெடக்கு, அக்காளுக்குக் குடுங்க அத்தான், பொழுது போவும்" என்று அவளே கையில் தந்தாள். அவளுடைய ஈமெயில் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் எதையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதில் வேதத்தை இறக்கினால் எழுத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கலாம் என்று ஒருநாள் தற்செயலாகத் தெரிந்தது. என் மனைவி இழுத்தாள், இழுத்தாள், ஒரு பக்கத்துக்கு நாலு சொல் நிற்கிற அளவுக்கு இழுத்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள். அடுப்படியில் நின்று நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அது வாயிலிருந்து வந்த சொல் இல்லை, வயிற்றிலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் டேப்பை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு வாசிப்பாள். விரல் ஓடிக்கொண்டே இருக்கும், குரலில் தடை வராது. அவளை மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பெண்கள் அதையும் விடவில்லை.

"மைனிக்கு இப்பம் கல்ஃபு வேதம்."

"தாளத் தொட்டா கை அழுக்காவும்லா."

அவள் சிரித்துக்கொள்வாள். பெருமைக்காரி என்று நினைத்தால் நினைக்கட்டும், குருடி என்று நினைக்காமல் இருந்தால் போதும் என்று என்னிடம் சொன்னாள்.

போன ஆடியில் டேப் நின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த வருஷம் எங்கள் பக்கமும் ஆட்டிவிட்டது, என் செவ்வாழை பாதி சாய்ந்து கிடந்தது. அந்தக் கவலையில் நான் இருக்க, திங்கள்கிழமை காலையில் இவள் டேப்பைத் திறந்தாள். கம்பெனி அடையாளம் வந்தது, அணைந்தது. மறுபடி வந்தது, அணைந்தது. விக்கல் பிடித்த ஆள் மாதிரி அதையே செய்துகொண்டிருந்தது.

"என்னமாம் செய்யுங்க. வெள்ளிக்கிழம ஒங்க தம்பி வீட்டுலயாக்கும் ஜெபம்."

புதிது வாங்க அப்போது வழியில்லை, வாழை சாய்ந்த கதையைச் சொன்னேனே. என் போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு சொல்லுக்கே இடம் இல்லை. தக்கலைக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடை. கடைக்காரனுக்கு முப்பது வயதிருக்கும். டேப்பை வாங்கி, பின்பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு என் நரைத்த தலையைப் பார்த்தான்.

"பாட்டாவுக்கு இதுல என்ன வேல? கேமா?"

"வேதம் வாசிக்க."

"வேதம் வாசிச்ச டேப்பே சாவுதுண்ணா, நம்ம காரியம் என்ன ஆவும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். காரியம் ஆக வேண்டுமே. முழுவதும் அழித்துப் புதிதாக ஏற்றினால் ஓடும், உள்ளே இருப்பது எல்லாம் போகும், சம்மதமா என்று கேட்டான். வேதம்தானே, திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்று சம்மதித்தேன். அங்கேதான் எங்களைப் போன்றவர்களுக்குப் புத்தி போதவில்லை. அழித்தான். டேப் உயிர் பிடித்தது. எனக்குக் கண் நிறைந்தது. அதற்குள் அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இது முதல்ல ஆருக்குள்ளது?"

"எனக்க தம்பி பெண்டாட்டிக்குள்ளது."

"அப்பம் அவியளுக்க பாஸ்வேர்டு கேக்குது. அது போட்டாத்தான் உள்ள விடும். ஆராவது திருடிட்டுப் போனா ஓடப்பிடாதுண்ணு கம்பெனிக்காரன் வச்சிருக்கான். ஒள்ளதச் சொல்லுங்க பாட்டா, குடுத்தாங்களா, எடுத்தீங்களா?"

"குடுத்தா."

"அப்பம் கேட்டு வாங்கிட்டு வாங்க. வேற வழில தொறக்க மாட்டேன், எனக்க கடைக்குக் கேடு."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த "எடுத்தீங்களா" பஸ்ஸில் ஊர்வரை என்னோடு வந்தது.

நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் வெள்ளிக்கிழமைக்காக வெள்ளையடிக்கிற ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு இருத்தி, சாயா தந்தாள். மரியாதைக்குக் குறைவு வைக்க மாட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பாஸ்வேர்டா? எனக்கு ஓர்ம இல்லியே அத்தான்."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு பிள்ளே. எங்கயாவது எழுதி வச்சிருப்ப."

"அது எப்பமோ போட்டது. எதுக்கு இப்பிடி ஓடி வாறிய? வீட்டுல வேதபுத்தகம் இல்லியா?"

"இருக்கு."

"பின்ன என்ன? வெள்ளிக்கிழமைக்கு அத எடுத்துக்கிட்டு வரட்டும். நாங்கல்லாம் அதுலதான வாசிக்கோம்."

"அவளுக்கு இதுல பழகிப் போச்சு."

"பழக்கம்." அவள் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நாங்க குடுத்த பலகயில பழகின பழக்கம். செரி, இஞ்ச வச்சிட்டுப் போங்க. ஒங்க தம்பி கூப்பிடும்போ கேட்டுப் பாக்கேன்."

பலகை என்ற சொல்லை அவள் மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. அவள் கண்ணைப் பார்த்து, பிள்ளே, அவளுக்குக் கண் தெரியாது, தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லக் கூடாது என்று கட்டளை. டேப்பை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் போய்க் கேட்டேன். "அவியளுக்கும் ஓர்ம இல்லியாம்" என்றாள். தம்பிக்கு நானே போன் போட்டேன். "அண்ணே, அவ எங்கிட்டக் கேக்கவே இல்லியே. அதெல்லாம் அவதான போட்டா, எனக்கு என்ன தெரியும்?" என்றான். நான் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அங்கே போய்ச் சண்டை பிடிப்பாள், அதோடு எல்லாம் வெளியே வந்துவிடும்.

பிறகு இவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமைக்கான வேதபகுதி எது என்று முன்னமே சொல்லிவிடுவார்கள். அது வேதத்தில் உள்ள ஒரு நிருபத்தின், கடிதத்தின், அதிகாரம், அவளுக்குப் பாதி ஏற்கெனவே மனப்பாடம். மீதியை நான் வாசித்துக் கொடுக்க வேண்டும், அவள் மனதில் ஏற்றிக்கொள்வாள். அன்றைக்குப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பது போல ஒப்பித்துவிடலாம்.

அடுப்படியில் அவள் மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருக்க, நான் ஸ்டூலில் இருந்து வாசித்தேன். என் வாசிப்பு எனக்கே கேட்கச் சகிக்காது. வசனம் நடுவில் நிற்பேன், நின்ற இடத்திலிருந்து பின்னால் போவேன்.

"மாடு மேய்க்கப் போன மாதிரி வாசிக்காதீங்க. ஒரு சொல்லுக்கு மேல மேயப் போயிருதிய."

"எனக்கு இவ்வளவுதாம் ஏட்டி வரும்."

"தெரியுமே. தெரிஞ்சுதான கெட்டிக்கிட்டேன். அடுத்தது வாசியுங்க."

இன்னொரு தடவை நான் ஒரு சொல்லை விழுங்கியபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கண்ணு போனதுல ஒங்களுக்கு ஒரு காரியம் தெரிஞ்சு போச்சு, நீங்க இவ்வளவு நாளும் படிக்காம இருந்தது எம்புட்டு வசதியா இருந்துச்சுண்ணு" என்றாள். கோபத்தில் சொன்னது. ஆனாலும் அடுத்த வசனத்தை நான் அழாமல் வாசித்தேன் என்று சொல்ல முடியாது. அவளுக்கு என் முகம் தெரியாது, அது ஒரு சௌகரியம்.

அவள் கெட்டிக்காரி. வெறுமே ஒப்பித்தால் மட்டும் போதாது, தாளும் திருப்ப வேண்டும் என்று அவளே நினைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் அந்த அதிகாரம் ஒரு பக்கத்தில் முடியாது, நடுவில் ஒரு வசனத்தோடு பக்கம் மாறும். எந்த வசனம் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தச் சொல் வந்ததும் விரல் தாளின் மேல்முனைக்குப் போகும்படி பழகினாள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்கே சந்தேகம் வந்தது, கண் திரும்பி வந்துவிட்டதோ என்று.

வெள்ளிக்கிழமை. தம்பி வீட்டு முன்னறையில் புது வெள்ளை மணந்தது. பெண்கள் நிறைந்திருந்தார்கள். என் மனைவி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் இருந்தாள். பக்கத்தில் தம்பி மனைவி, வீட்டுக்காரி என்ற முறையில். நான் வெளியே, வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பகுதித் தலைவர் எனக்கு அடுத்து இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், ஜெபம் மட்டும் நீளம்.

பாட்டு முடிந்தது. வாசிப்புக்கு முன்னால் தம்பி மனைவி எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். புதுத் தோல் அட்டை, ஓரமெல்லாம் பொன் பூச்சு.

"அவிய போன தடவ வந்தப்பம் வாங்கினது. இன்னும் தொறக்கல. மொத வாசிப்பு அக்காளே வாசிச்சுத் தொடங்கித் தரணும்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வீட்டுக்குப் புது வேதபுத்தகம் வந்தால் முதல் வாசிப்பு ஜெபக்கூட்டத்தில்தான், அதுவும் வழக்கமாக வாசிக்கிறவர் வாயால். மறுக்க முடியாது. மறுத்தால் அந்த வீட்டை ஆசீர்வதிக்க மனமில்லை என்று அர்த்தம். தம்பி மனைவி அன்றைய வேதபகுதியைத் தானே எடுத்து, விரித்து, என் மனைவியின் மடியில் வைத்தாள். எங்கள் வீட்டுப் புத்தகத்தை மெல்ல வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

என் மனைவி தொடங்கினாள். அதே குரல். முற்றத்தில் இருந்த ஆண்கள்கூட அசையவில்லை. இந்தப் புத்தகத்தில் பக்கம் எங்கே மாறுமோ என்று நான் அந்த வசனத்துக்குக் காத்திருந்தேன். வந்தது. அவள் விரல் மேல்முனைக்குப் போயிற்று, தாளைத் திருப்பினாள், குரல் விடாமல் அடுத்த வசனத்துக்குப் போனாள்.

"அக்கா," தம்பி மனைவி சத்தம் போடாமல்தான் சொன்னாள், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. "தாளத் திருப்பிட்டீங்களே. அந்தப் பக்கத்துல இன்னும் அரைவாசி கெடக்கு."

என் மனைவி வாசிப்பை நிறுத்தினாள். அவள் வாசிப்பு நடுவில் நின்று அந்தப் பகுதியில் யாரும் கேட்டதில்லை.

"இப்பம் வாசிச்சது எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

என் மனைவி பக்கத்தைப் பின்னால் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். தம்பி மனைவி அந்த விரலைப் பிடித்துக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். பரிவோடு பிடிக்கிற மாதிரிதான் இருந்தது.

"இந்த வரிய வாசியுங்க அக்கா."

என் மனைவி ஒரு வசனத்தைச் சொன்னாள். அது அந்த அதிகாரத்தில் உள்ளதுதான், ஆனால் அந்த இடத்தில் உள்ளது இல்லை. பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்த ஒருத்தி, "அய்யோ, அது மேலதான வரும்" என்றாள். பின்னால் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, சேலைத் தலைப்புக்குள் அமுங்கியது. பிறகு ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது வெளியே எனக்கே கேட்டது: "மைனிக்குக் கண்ணு தெரியாதா?"

நான் எழுந்தேன். உள்ளே பெண்கள் இருக்கிற இடத்துக்கு ஆண்கள் போவதில்லை. வாசற்படியில் நின்றேன், அதோடு நின்றேன்.

"கொஞ்ச நாளாத் தெரியாது" என்றாள் என் மனைவி. புத்தகத்தை மூடினாள். "மனப்பாடமாச் சொன்னேன். வசனத்துல தப்பு இருந்தாச் சொல்லுங்க."

தப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வசனத்தை யார் கவனித்தார்கள்?

பகுதித் தலைவர் நல்ல எண்ணத்தோடு எழுந்து அவளுடைய கண்ணுக்காக ஜெபம் பண்ணினார். வேதத்தில் வருகிற குருடர்கள் எல்லாரையும் வரிசையாக நினைத்துக்கொண்டார். அத்தனை நேரமும் அவள் தலை குனிந்து இருந்தாள். சத்தமாக எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவள் மறைத்து வைத்ததை இப்படிக் கூட்டமாக நின்று கர்த்தருக்குத் தெரிவித்தார்கள், அவருக்குத் தெரியாதது போல.

சாயா வந்தது. அச்சப்பம் வந்தது. தம்பி மனைவி உள்ளறைக்குப் போய் டேப்பைக் கொண்டு வந்தாள். நின்ற நிலையிலேயே பாஸ்வேர்டை அடித்தாள். யோசிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, ஒரு தடவை விரல் தடுமாறவில்லை. கதவு திறந்த மாதிரி டேப் திறந்தது.

"கண்ணு தெரியாதுண்ணு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அண்ணைக்கே தந்திருப்பேன்லா அத்தான்?" வாசலில் நின்ற என்னைப் பார்த்து, எல்லாரும் கேட்கச் சொன்னாள். "பாவம், அக்காளுக்க காரியத்துல நான் ஓர்ம இல்லண்ணு இருப்பேனா?"

பெண்கள் தலையாட்டினார்கள். அவள் நல்லவளாகிவிட்டாள்.

வேதத்தையும் அவளே இறக்கினாள், எழுத்தையும் இழுத்துப் பெரிதாக்கினாள். ஒருத்தி வாங்கிப் பார்த்தாள். "அம்மாடி, இம்புட்டுப் பெருசா? இது எனக்க வீட்டுலேந்து பாத்தாலும் தெரியும்." அவளிடமிருந்து அடுத்தவள் வாங்கினாள். டேப் கைக்குக் கை போயிற்று, பந்தியில் உப்புக் கிண்ணம் போவது மாதிரி. ஒருத்தி என் மனைவியின் முகத்துக்கு நேரே விரலை விரித்து, "மைனி, இது எத்தன?" என்றாள். என் மனைவி, "ஒனக்க கையில எத்தன இருக்கோ அத்தன" என்றாள். மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அவளையும் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள், அவள் சேரவில்லை. டேப் சுற்றி வந்து அவள் மடிக்குச் சேரும்வரை கையை விரித்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு வந்த வாரம் முழுதும் வீட்டுக்கு ஆள் வந்தது. பொன்னாங்கண்ணிக் கீரை வந்தது, முருங்கை வந்தது, நெல்லிக்காய்ச் சாறு வந்தது. "சீனிய நிறுத்தியிருந்தா இப்பிடி ஆவுமா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுச் சாயாவில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்துவிட்டுப் போனாள் ஒருத்தி. பகுதித் தலைவர் வந்து, "நீங்க இனி ஓய்வா இருங்க, தம்பி வீட்டுத் தங்கச்சி படிச்ச பிள்ளதானே, வாசிக்கட்டு" என்றார். டேப்தான் இப்போது ஓடுகிறதே, அவளே வாசிப்பாள் என்று நான் சொன்னேன். "எல்லாருக்கும் கஷ்டமாட்டு இருக்கு அய்யா. விரலு ஓடுததையே பாத்துக்கிட்டு இருக்காவ" என்றார் அவர். அதில் பொய் இல்லை. முன்பும் அந்த விரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, யாரும் பார்த்ததில்லை.

அவள் வெள்ளிக்கிழமை வாசிப்பை விட்டுவிட்டாள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டேப்பை எடுத்து வைத்து வாசிப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. சத்தமாக வாசி, நானும் கேட்பேனே என்றேன். "ஒங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே" என்றாள்.

முறை சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தது. பாயை அவளே விரித்தாள், சாயாவுக்குப் பால் வாங்க என்னை அனுப்பினாள். எல்லாரும் வந்தார்கள். தம்பி மனைவி பொன் பூச்சுப் புத்தகத்தோடு வந்து, வாசிக்கிறவர் இருக்கும் இடத்தில் இருந்தாள். அன்றைய பகுதி பழைய வம்ச வரலாறு, இன்னாருடைய மகன் இன்னார் என்று நெடுகப் பெயர்கள். பாவம், அவளாக எடுத்த பகுதி இல்லை, அட்டவணையில் வந்தது. வாயில் நுழையாத பெயர்கள். முதல் பெயரில் தடுக்கினாள், இரண்டாவதில் தடுக்கி எழுந்தாள், மூன்றாவதில் அங்கேயே நின்றுவிட்டாள். கூட்டி வாசிக்கப் பார்த்தாள், வரவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

என் மனைவிக்குத் தெரியும். அந்தப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர். சின்னப் பெண்ணாக இருக்கும்போது போட்டியில் அதையே பாராமல் சொல்லிப் பரிசு வாங்கியவள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளுக்கு அது தெரிந்திருக்கும், அவளுக்கு மிஞ்சியது அந்த ஓரத்துப் பார்வைதானே.

தம்பி மனைவி கேட்டாள். குரலில் பி.எட். இல்லை, ஒன்றும் இல்லை. "அக்கா, இது எப்பிடிச் சொல்லணும்?"

"எனக்குத் தாளு தெரியாதே பிள்ளே" என்றாள் என் மனைவி. மெல்லத்தான் சொன்னாள். "எழுத்து தெரிஞ்சவ நீ. கூட்டிப் பாரு. நேரம் இருக்கு, நாங்க இருக்கோம்."

தம்பி மனைவி கூட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக. பிள்ளைகள் சிரித்தார்கள், அவர்களுடைய அம்மாக்கள் அடக்கவில்லை. அந்த அதிகாரம் நீளம். கடைசிப் பெயர் வரைக்கும் ஒருத்தரும் அவளை விடுவிக்கவில்லை. எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு நல்ல பசியில் சோறு விழுந்த மாதிரி இருந்தது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். மன்னிப்பார் என்று நம்புகிறேன். அப்படி இருந்ததை இல்லை என்று அவரிடம் சொல்ல முடியாதே.

எல்லாரும் போன பிறகு, வழக்கம் போல நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். நான் ஜெபித்தேன். மழைக்காக, சாயாமல் மிஞ்சி நிற்கிற வாழைக்காக, வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்காக, அவன் மகனுடைய படிப்புக்காக. பிறகு கொஞ்சம் யோசித்து, தம்பி மனைவிக்காகவும் ஜெபித்தேன். அவளுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்க வேண்டும், அவள் மனம் ஆற வேண்டும் என்று கேட்டேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஆமென் சொல்ல வேண்டியது அவள்.

பக்கத்து வீட்டில் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குடம் நிரம்பியது, குழாயை மூடினார்கள். நான் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, கடைசி வரியைச் சொன்னேன். அவள் கையை ஊன்றி எழுந்தாள். பாயின் ஓரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, நான் முழங்காலில் இருந்த இடம்வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்து, "எந்திரியுங்க" என்றாள்.